காற்றைக் குறைத்தால் முட்டை உடையாது

வீல் அலைன்மெண்ட் கடை நடத்துகிறவளுக்கு முதலில் வேண்டியது கம்ப்யூட்டரும் ஜாக்கியும் அல்ல, வாயை மூடிக்கொண்டு இருக்கிற பழக்கம். பன்னிரண்டு வருடமாகியும் அது ஒன்றுதான் எனக்கு வரவில்லை.

நாமக்கல்லிலிருந்து சேலம் போகிற நாலுவழிச் சாலையில், புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் கடை. டயரைக் கழற்றுவது, மாட்டுவது, பஞ்சர் பார்ப்பது, காற்றுப் பிடிப்பது எல்லாம் என் வீட்டுக்காரர் முருகேசன். சக்கரத்தில் கருவியை மாட்டி, கம்ப்யூட்டரில் கோணம் பார்த்து, வண்டிக்கு அடியில் இறங்கி ராடைத் திருகி நேராக்குவது நான். அவர் அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து நான் பேசிவிடுவேன். நீங்களும் சொன்னதைக் கேட்காத ஜனங்களோடு தினமும் மல்லுக்கட்டுகிற தொழிலில் இருந்தால், பல் டாக்டரோ, கணக்கு வாத்தியாரோ, கரண்டு ஆபீஸ்காரரோ, யாராக இருந்தாலும் சரி, கொஞ்சம் இப்படி வந்து உட்காருங்கள். என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் பழனிச்சாமி பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போகிற வேன் ஓட்டுகிறார். பதினாலு பிள்ளைகள். அதில் ஒருத்தி ஐந்தாம் வகுப்பு படிக்கிற என் மகள் யாழினி. அந்த வேனின் முன் டயர் இரண்டையும் நினைத்து நான் ஒரு வருடம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தேன். கீழே வருகிற வாடிக்கையாளர்கள் மேல் நான் எரிந்து விழுந்ததில் பாதி, அவர்மேல் விழவேண்டியது.

உதைத்துப் பார்க்கிறவர்

கல்யாணத்துக்குப் போகிற கார் ஒன்று கடை வாசலில் வந்து நின்றது. உள்ளே ஏழு பேர், மடியில் சீர்த் தட்டுகள், மேலே இரண்டு சூட்கேஸ். ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கிறது, ஐந்து நிமிடத்தில் பார்த்துத் தரவேண்டும் என்றார் ஓட்டி வந்தவர். பார்த்தவுடனே தெரிந்தது, இடது பக்க முன் டயர் அமுங்கிக் கிடக்கிறது. மீட்டர் வைத்தேன். முப்பத்திமூன்று இருக்கவேண்டிய இடத்தில் பத்தொன்பது. மீட்டரை அவர் கண்ணுக்கு நேராகக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. கல்யாணத்துக்கு வாங்கிய புது ஷூவால் டயரை இரண்டு உதை விட்டு, தேங்காய் தட்டிப் பார்க்கிறவர் மாதிரி காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "கல்லு மாதிரி இருக்குதுங்களே" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ட்யூப்லெஸ் டயர் பாதிக் காற்று போனாலும் உதைத்தால் கல்லு மாதிரிதான் இருக்கும். காற்று குறைந்த டயர் இரண்டு ஓரத்தையும் தரையில் தேய்த்துக்கொண்டு ஓடும், ஒவ்வொரு சுற்றுக்கும் அதன் பக்கவாட்டு மடங்கி மடங்கி நிமிரும், மடங்குகிற இடம் சூடாகும், ஏழு பேர் பாரத்தோடு இந்த வெயிலில் எண்பதில் போனால் எந்த இடத்திலும் வெடிக்கும் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவர் பார்வை என் தலைக்கு மேலாகக் கடைக்குள் யாரையோ தேடிக்கொண்டிருந்தது. கடைசியில் மிகவும் மரியாதையாகச் சொன்னார்:

"எதுக்கும் உங்க ஊட்டுக்காரரைக் கூப்புடுங்க, அவரு ஒருதரம் உதைச்சுப் பாக்கட்டும்."

நாலாவது எலுமிச்சம்பழம்

இளம்பிள்ளையிலிருந்து ஒரு சேலை வியாபாரி. காருக்கு நாலும் புது டயர் மாட்டினோம். மாட்டியவுடனே கூட வந்தவர்கள் பையைப் பிரித்து, சூடம், குங்குமம், பூ, நாலு எலுமிச்சம்பழம் எல்லாம் எடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை. எங்கள் காற்று மோட்டாருக்கே வெள்ளிக்கிழமை தவறாமல் பொட்டு வைக்கிறவள் நான். ஆனால் டயருக்குப் பூசை முடிந்த கையோடு வண்டியை அலைன்மெண்ட்டுக்கு ஏற்றச் சொன்னபோது, அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் எட்டு நிமிடத்தில் ராகு காலம், அதற்குள் வண்டி கிளம்பியாக வேண்டும் என்றார். பழைய டயரின் உள்பக்கம் வழித்து எடுத்தது மாதிரி தேய்ந்திருக்கிறது, கோணம் சரியில்லை, அதைச் சரி செய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும் என்று நான் கார் சன்னலைப் பிடித்துக்கொண்டே ஓடிச் சொன்னேன். எலுமிச்சம்பழம் மேல் ஏறி, கார் சாலைக்குப் போய்விட்டது.

மூன்றாம் மாதம் திரும்பி வந்தார். டயரின் உள்ளோரத்தில் பட்டனே இல்லை. பட்டன் என்றால் தெரியும்தானே, டயரின் மேலே கட்டம் கட்டமாக எழும்பி நின்று தரையைக் கவ்வுகிற ரப்பர். வெளியோரத்தில் அது புத்தம்புதிதாக இருக்கிறது. உள்ளோரம் மழித்த தலை. மழை பெய்து ரோடு நனைந்திருந்தால் பிரேக் போட்ட இடத்தில் வண்டி நின்றிருக்காது என்றேன். அன்றைக்கே சொன்னேனே என்று கேட்டும் விட்டேன். அவர் டயரை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, நான் சொன்னதை முழுவதும் ஒத்துக்கொள்கிறவர் மாதிரித் தலையை ஆட்டினார்.

"அன்னைக்கு அந்த நாலாவது பழம் சரியா நசுங்குலைங்க, நான் அப்பவே பாத்தேன்."

முட்டை வண்டிக்காரர்

இப்போது என் அண்ணனுக்கு வருகிறேன். வேன் வாங்குவதற்கு முன்னால் பதினைந்து வருடம் அவர் முட்டை லோடு ஓட்டினார். நாமக்கல்லில் பிறந்தவர்களுக்கு அதன் பெருமை தெரியும். பண்ணையில் ஏற்றி, அட்டை அட்டையாக அடுக்கி, குண்டு குழியில் இறக்கி ஏற்றி, ஒரு முட்டையில் விரிசல் இல்லாமல் கொண்டுபோய் இறக்குகிறவனுக்குத் தனி மரியாதை. அவர்களில் சிலரிடம் ஒரு வழக்கம் உண்டு. டயரில் காற்றைக் குறைத்து ஓட்டுவது. காற்று குறைந்தால் டயர் மெத்தென்று இருக்கும், வண்டி குதிக்காது, முட்டை உடையாது. முட்டையைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. டயர் சீக்கிரம் போகும், டீசல் கூடும், என்றைக்காவது நடுரோட்டில் வெடிக்கும். அதெல்லாம் முட்டைக்குத் தெரியாது.

அண்ணன் இந்த வழக்கத்தை அப்படியே பள்ளிக்கூட வேனுக்கும் கொண்டுவந்துவிட்டார். ஐம்பது இருக்கவேண்டிய டயரில் முப்பது வைத்து ஓட்டுகிறார். கேட்டால், பிள்ளைகள் வண்டியில் தூங்கிக்கொண்டே வருகிறார்கள், ஒரு குலுக்கல் இல்லை, எந்த வேனில் இப்படி உண்டு என்கிறார். ஏனுங்கண்ணா, தூங்குகிற பிள்ளையைச் சுமந்துகொண்டு ஓடுகிற டயர் வெந்துகொண்டு இருக்கிறதே, அது வெடித்தால் ஸ்டியரிங் உங்கள் பேச்சைக் கேட்குமா என்று கேட்டேன். வண்டி நிறுவனத்தார் கதவோரத்தில் ஒட்டிய அட்டையைக் காட்டி, எந்த டயருக்கு எத்தனை காற்று என்று இதில் அச்சடித்தே வைத்திருக்கிறார்கள், அவர்கள் என்ன வேலையத்தவர்களா என்றும் கேட்டேன். அண்ணன் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பதினஞ்சு வருசம் ஒரு முட்டையில கீறல் உடாம எறக்குனவன் அம்மிணி நானு, உன்ற புள்ளை என்ன, முட்டையக் காட்டியும் கெட்டிதான்."

நடுவில் மட்டும்

இதற்கு நேர் எதிரான ஆள் ஒருவர். மரவள்ளிக் கிழங்கு ஏற்றி, ஜவ்வரிசி செய்கிற சேகோ பேக்டரிக்கு ஓட்டுகிற பிக்கப்காரர். லோடு அதிகம் என்பதால் டயர் தாங்கவேண்டும் என்று, மோட்டார் திணறுகிறவரை காற்றை ஏற்றுவார். கிழங்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போதும் அதே காற்று. அளவுக்கு மீறி உப்பின டயர் நடு வயிற்றில் மட்டும் தரையைத் தொடும், அதனால் நடுவில் மட்டும் தேயும், தரையைப் பிடிக்கிற இடமும் குறைந்துபோகும். அவர் டயரில் நடுவே நூல் தெரிய ஆரம்பித்திருந்தது. இந்த டயரோடு இன்னும் ஒரு நடை ஓட்டினால் நான் போலீசுக்கே போன் பண்ணுவேன் என்று கத்தினேன். அவர் குனிந்து பார்த்தார், விரலால் தடவினார், பிறகு என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்:

"நடுவுல மட்டுந்தானுங்களே போயிருக்குது, ரண்டு ஓரத்துலயும் ஓட்டிக்கலாமுங்க."

மூன்று நாள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தபோது, அவர் கை கழுவப் போன சமயம் பார்த்து வேன் டயரில் உள்ளங்கையை வைத்து இழுத்தேன். வெளியே இழுத்தால் வழவழவென்று போகிறது. உள்ளே தள்ளினால் ரம்பம் மாதிரி விரலைப் பிடிக்கிறது. முன் சக்கரம் இரண்டும் நேராக இல்லை, ஒன்றுக்கொன்று முறைத்துக்கொண்டு ஓடுகின்றன என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். காற்றுக் குறைச்சலால் இரண்டு ஓரமும் வேறு மொட்டை. மறுநாளிலிருந்து யாழினியை வேனில் ஏற்றவில்லை. ஸ்கூட்டரில் நானே பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டேன்.

மூன்றாம் நாள் அண்ணி கடைக்கே வந்துவிட்டார். "சொந்தத் தங்கச்சியே புள்ளையை ஏத்தலீன்னா, மத்தவங்க என்னன்னு நெனைப்பாங்க? அவரு பொழப்பே அதுதானே அம்மிணி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அதைவிட உறுத்தியது வேறு. என் பிள்ளையை இறக்கிக்கொண்டேன், சரி. மீதிப் பதிமூன்று பேர் அதே டயர் மேலேதானே உட்கார்ந்து போகிறார்கள்? நான் விலகி நின்றால் அவர் என்னிடம் வரவே மாட்டார், அந்த டயரை ஒருத்தரும் தொட்டுப் பார்க்கப்போவதில்லை.

ஆகவே அண்ணனோடு ஒரு உடன்படிக்கை: யாழினி மறுபடி வேனில் வருவாள், பதிலுக்கு அவர் நான் சொல்வதைச் செய்யவேண்டும். அன்றைக்கே அலைன்மெண்ட் பார்த்துக்கொள்ள வேண்டும். திங்கட்கிழமைதோறும் பிள்ளைகளோடு போகும்போது எங்கள் கடையில் நிறுத்தி ஐம்பது காற்றுப் பிடிக்கவேண்டும். முன் டயர் இரண்டையும் மாற்றவேண்டும் என்றேன். அதை மட்டும் முழுப்பரீட்சை லீவில் மாற்றிக்கொள்ளலாம் என்றார். நான் ஒத்துக்கொண்டேன். இந்தத் துணுக்குகளில் நான் யார் யாரையோ திட்டுகிறேன். எல்லாம் தெரிந்த நானே ஒத்துக்கொண்டதற்கு என்னை எதனால் அடிப்பது என்று தெரியவில்லை. சக்கரத்தை நேராக்கி முடித்தபோது கம்ப்யூட்டரில் சிவப்பாக இருந்த கோடெல்லாம் பச்சையாயின. அண்ணன் அதைப் பார்த்துக் கைதட்டாத குறை.

"பொட்டி பச்சை காட்டிருச்சில்ல, இனி நீயும் மூஞ்சியைக் கொஞ்சம் தளத்து அம்மிணி."

வாடகை டயர்

சுற்றுலா வேன் வைத்திருக்கிற ஒருவர், நாலு நல்ல டயர் ஒரு நாளைக்கு வேண்டும் என்று கேட்டார். ஒரு நாளைக்கு என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். மறுநாள் வண்டிக்கு எஃப்.சி.; வண்டி ஓட்டத் தகுதியானது என்று சான்றிதழ் வாங்கவேண்டும். அவர் டயர் நாலும் மொட்டை. ஆகவே கடையில் இருக்கிற டயரை மாட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு, சாயங்காலம் கழற்றிக் கொடுத்துவிட்டு, பழையதையே மாட்டிக்கொண்டு கொடைக்கானல் டிரிப் போவாராம். மலைப்பாதை, ஐயா, மலைப்பாதை! இருபது பேரோடு!

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து டீக்கடையிலிருந்து நாலு பேர் எழுந்து வந்துவிட்டார்கள். அந்தச் சான்றிதழ் ஆபீசரை ஏமாற்றி வாங்குகிற பரிசா, வளைவில் பிரேக் பிடிக்கும்போது அந்தக் காகிதத்தையா சக்கரத்துக்கு அடியில் வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். எழுந்து வந்த நாலு பேரும் என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். முருகேசன் விற்பனைக்கு அடுக்கியிருந்த டயர்களைச் சங்கிலி போட்டுப் பூட்டினார். வேன்காரருக்கு உண்மையிலேயே மனம் நொந்துவிட்டது.

"ஊருல எல்லாரும் பண்றதுதானுங்க, நீங்க என்னமோ கிட்னியைக் கேட்டாப்புல கத்தறீங்க."

கருப்புப் பொடி

திங்கட்கிழமை தவறாமல் அண்ணன் வந்தார். ஒவ்வொரு வாரமும் மீட்டர் வைத்தால் காற்று இறங்கிப் போயிருக்கும். முருகேசன் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார், குமிழி வரவில்லை. வால்வை மாற்றினார். அடுத்த வாரமும் முப்பதுதான். இன்னொரு தரம் வால்வை மாற்றினார். அண்ணன் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

முழுப்பரீட்சை முடிய இரண்டு நாள் இருந்தது. மத்தியானம் பரீட்சை முடிந்து, கொளுத்துகிற வெயிலில் வேன் திரும்பிவரும்போது வலது முன் டயர் வெடித்தது. நாலுவழிச் சாலைக்கு ஏறுவதற்கு முந்தின கிராமத்து ரோடு. வேன் வலது பக்கம் இழுத்துக்கொண்டு, ரோட்டைக் குறுக்கே கடந்து, மரவள்ளிக் காட்டுக்குள் இறங்கி, வரப்பில் முட்டி நின்றது. எதிரே ஒரு வண்டி வந்திருந்தாலும் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். நாங்கள் போனபோது பிள்ளைகள் வரப்பில் வரிசையாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். ஒரு பையனுக்கு உதடு கிழிந்திருந்தது. யாழினிக்கு இடது மணிக்கட்டு முறிந்து தொங்கியது. அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அண்ணன் பின்னாலேயே வந்தார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் முருகேசன் வெடித்த டயரைக் கொண்டுவந்து ரிம்மிலிருந்து பிரித்துக் கவிழ்த்தார். உள்ளேயிருந்து இரண்டு கை கொள்ளுகிற அளவு கருப்புப் பொடி கொட்டியது. காற்றுக் குறைந்த டயர் ஓடும்போது உள்பக்கம் தன்னைத்தானே அரைத்துக்கொள்ளும். அந்த மாவு அது. ஒரு நாளில் இவ்வளவு அரையாது. மாதக்கணக்காகக் குறைந்த காற்றிலேயே ஓடியிருக்கிறது. வாராவாரம் ஐம்பது பிடித்துத்தானே அனுப்பினோம்? அப்படியானால் இது எப்படி? நீங்கள் மீட்டரைச் சரியாகப் பார்க்கவில்லை, பிள்ளை உயிரோடு விளையாடிவிட்டீர்கள் என்று நான் முருகேசனைப் பிடித்து உலுக்கினேன். மாவுக்கட்டுப் போட்ட கையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த யாழினிதான் பேசினாள்.

"அப்பாவைத் திட்டாதம்மா, நம்ம கடையத் தாண்டுனதுமே புளியமரத்துக்கிட்ட நிறுத்தி மாமாதான் ஸ்ஸுன்னு காத்து எறக்கி உடுவாரு."

பொன்னாடை

மறுநாள் காலையில் அண்ணன் வந்தார். பொடியை ஒரு செய்தித்தாளில் கொட்டி மேசைமேல் வைத்திருந்தேன். என்னிடம் இருந்த வார்த்தை அத்தனையையும் அவர்மேல் கொட்டினேன். இனி என் வாசலை மிதிக்கவேண்டாம் என்றும் சொன்னேன். நான் பிறந்ததிலிருந்து அவரை அப்படிப் பேசியதில்லை. அவர் அந்தப் பொடியில் கொஞ்சம் எடுத்து இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் முன்னால் பெற்றவர்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள், எங்களையும் வரச் சொன்னார்கள். இனி இந்த வண்டி வேண்டாம் என்று சொல்லத்தான் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். அங்கே போனால் மேசை, நாற்காலி, மைக், தாம்பாளத்தில் பொன்னாடை! டயர் வெடித்தும் வண்டியைக் கவிழவிடாமல் பதினாலு உயிரைக் காப்பாற்றின டிரைவருக்குப் பாராட்டு விழாவாம். சேகோ பேக்டரியில் மேனேஜராக இருக்கிற ஒரு பையனின் அப்பாதான் முன்னால் நின்று நடத்தினார். வேறு ஆளாக இருந்திருந்தால் பிள்ளைகள் கதி என்னவாகியிருக்கும் என்று அவர் பேசப் பேசத் தாய்மார்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்தேன், முருகேசன் என் முந்தானையைப் பிடித்து உட்காரவைத்தார். அதற்குள் அந்த மனிதர் யாழினியைக் கூப்பிட்டார். பொன்னாடையை அவள் கையாலேயே போடச் சொன்னார். ஒரு கை மாவுக்கட்டோடு தொங்க, மறு கையில் அந்தச் சரிகைத் துணியை இழுத்துக்கொண்டு என் மகள் மேடைக்குப் போனாள்.

அண்ணன் குனியவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மைக்கை வாங்கினார். "காத்தை எறக்கி உட்டது நாந்தானுங்க" என்றார். "என்ற தங்கச்சி வருசம் முச்சூடும் தலையில அடிச்சுக்கிட்டா. நான் கேக்குல. அவ புடிச்ச காத்தை அவளுக்குத் தெரியாம நானே எறக்குனேன். டயரு தானா வெடிக்குலீங்க, நாந்தானுங்க வெடிக்க உட்டேன். இந்தப் புள்ளை கை முறிஞ்சது என்னாலதான். எனக்கு இந்தத் துண்டு வேண்டாமுங்க." மைக்கைக் கீழே இறக்கிக்கொண்டார். ஒரு வருடக் கோபம், எனக்கு அழுகையாக வந்துவிட்டது. இப்போதாவது யாராவது எழுந்து, காற்று எத்தனை இருக்கவேண்டும், இனி யார் பார்ப்பது என்று கேட்பார்கள் என்று நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். மேனேஜர் எழுந்தார். அண்ணன் தோளில் கையைப் போட்டுக்கொண்டார், மைக்கை வாங்கினார்.

"பாத்தீங்களா, தப்பைத் தன்ற தலையில போட்டுக்கற இந்தப் பெருந்தன்மை எத்தனை டிரைவருக்குங்க வரும்? எல்லாரும் ஒருதரம் நல்லாக் கை தட்டுங்க!"

இப்போது அந்த வேனுக்கு நாலும் புது டயர், அண்ணன் தினமும் காலையில் ஒவ்வொரு சக்கரத்துக்கு முன்னாலும் குத்தவைத்து மீட்டர் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார், பெற்றவர்களோ அதையும் ஏதோ வேண்டுதல் என்று எண்ணிக்கொண்டு, பிள்ளைகளை டயரைத் தொட்டுக் கும்பிடச் சொல்லி ஏற்றிவிடுகிறார்கள்.